குரல் நின்றுவிட்டால் என்ன செய்வது? பார்வையற்றவர் இசைக்குக் கணினி வாங்குவது பற்றி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் ஒரு குடும்பம், பார்வையற்ற பிள்ளை இசை செய்வதற்குக் கணினி வேண்டும் என்று கடைக்குப் போனால், முதல் கேள்வி "எவ்வளவு பட்ஜெட்?" என்பதாக இருக்கும். இரண்டாவது கேள்வி, "தம்பி கேம் விளையாடுவாரா?" இசைக்கு என்று சொன்னதும் பெரிய திரை, தனி கிராஃபிக்ஸ் கார்டு, விளக்கு எரியும் கீபோர்டு எல்லாம் உள்ள ஒரு கேமிங் லேப்டாப் மேசைக்கு வந்துவிடும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. இசைக்கு வேகமான மெஷின் வேண்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறார்; அவருக்குத் தெரிந்த வேகமான மெஷின் அதுதான். ஆனால் அந்த விலையில் ஒரு நல்ல பங்கு, வாங்குகிறவர் ஒரு நாளும் பார்க்கப் போகாத திரைக்கும் அந்தத் திரையை ஓட்டும் சிப்புக்கும் போகிறது. அந்தச் சிப் சூடாகி, விசிறி இரைந்து, அந்த இரைச்சல் பாடகரின் மைக்கிலும் விழும்.

நம் தோட்டப்புறப் பட்டணங்களில் இசை குறைவதில்லை. உறுமி மேளக் குழு இருக்கிறது, கோயில் பஜனை இருக்கிறது, கல்யாண மண்டபத்தில் கீபோர்டு வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அறைக்குள் பீட் செய்து ராப் பாடுகிற பையன்கள் இருக்கிறார்கள். இவர்களில் பார்வையற்றவர்களும் உண்டு. மேடையில் வாசிப்பதுவரை அவர்களுக்கு யாருடைய துணையும் தேவைப்படுவதில்லை. பாட்டைத் தானே பதிவுசெய்து, தானே மிக்ஸ் செய்து வெளியிட நினைக்கும்போதுதான் கணினி குறுக்கே வருகிறது. அப்போது என் போன்ற பார்வையற்றவர்களிடம் வந்து சேரும் கேள்வி: "அண்ணே, எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம்?"

என் பதில் எப்போதும் பின்பக்கத்திலிருந்துதான் தொடங்கும். முதலில் எந்த மென்பொருள் நம்மோடு பேசுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஏற்ற இயங்குதளம் (விண்டோஸா, மேக்கா) எது என்பது அடுத்தது. மெஷின் கடைசி. இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கேள்வி இருக்கிறது, அதை யாரும் கடையில் கேட்பதில்லை: பேசிக்கொண்டிருக்கும் கணினி திடீரென்று ஊமையாகிப்போனால், வீட்டில் தனியாக இருக்கும் ஒருவர் அதை மறுபடி பேசவைக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் உள்ள கணினிதான் நல்ல கணினி. வேகம், கொள்ளளவு எல்லாம் அதற்கு அப்புறம்.

குரல் ஏன் நிற்கும் என்பதைப் புரிந்துகொள்ள, அது எப்படி வருகிறது என்று தெரிய வேண்டும். பார்வையற்றவர்கள் கணினியை இயக்குவது திரைவாசிப்பான் என்ற மென்பொருளைக் கொண்டு. திரையில் இருக்கும் எழுத்தையும் பட்டனையும் பட்டியலையும் அது குரலாக்கிச் சொல்லும். நாம் மவுசைத் தொடாமல் விசைப்பலகையாலேயே எல்லாவற்றையும் செய்வோம். ஆனால் திரைவாசிப்பான் படத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. "இது ஒரு பட்டன், இதன் பெயர் பதிவு, இப்போது அணைந்திருக்கிறது" என்று மென்பொருளே உள்ளுக்குள் தகவல் தர வேண்டும். சாதாரண அலுவலக மென்பொருள்கள் இயங்குதளம் தரும் ஆயத்தப் பட்டன்களைப் பயன்படுத்துவதால் இந்தத் தகவல் தானாக வந்துவிடும். இசை மென்பொருள்காரர்கள் அப்படிச் செய்வதில்லை. அசலான மிக்ஸர் போல, பழைய சின்தசைசர் போல, திருகுகளும் ஊசிகளும் அசைகிற மாதிரி எல்லாவற்றையும் தாங்களே வரைந்துகொள்வார்கள். கண்ணுக்கு அழகு. திரைவாசிப்பானுக்கோ அது பெயரில்லாத ஒரு வெற்றுச் சன்னல், அவ்வளவுதான். நம் ஊர்ப் பையன்கள் அதிகம் பயன்படுத்தும் எஃப்எல் ஸ்டூடியோ இந்த வகை. நண்பன் அதில்தான் பீட் செய்கிறான், நானும் அதையே கற்கிறேன் என்று ஆரம்பிக்கும் பார்வையற்ற பிள்ளை முதல் வாரத்திலேயே மனம் உடைந்துபோகும். திறமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வீட்டில் உள்ளவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் துறையில் ஆலோசனை கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். அதற்கும் காரணம் இருக்கிறது. ஜாஸ் என்ற திரைவாசிப்பான் 1989இல் டாஸ் காலத்தில் வந்தது, பிறகு விண்டோஸுக்கு மாறியது. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் விண்டோஸில் சோனார் என்ற பதிவு மென்பொருளை, ஜாஸுக்கென்று தனியாக எழுதப்பட்ட துணைநிரல்களோடு பயன்படுத்துவதுதான் பலருக்கு வழியாக இருந்தது. 2005இல் ஆப்பிள் தன் மேக் கணினிகளிலேயே வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பானைச் சேர்த்துத் தந்தது, தனி விலை இல்லாமல். காலப்போக்கில் புரோ டூல்ஸ், லாஜிக் புரோ என்ற பதிவு மென்பொருள்களும் அதோடு நன்றாகப் பேச ஆரம்பித்தன. பார்வையற்ற ஒலிப்பொறியாளர்கள் பலர் மேக் பக்கம் போனார்கள். சோனாரை உருவாக்கிவந்த கேக்வாக் நிறுவனத்தை அதன் உரிமையாளர் கிப்சன் 2017இல் மூடியது. ஆகவே 2005இல் படித்த ஒருவர் விண்டோஸ் என்பார், 2013இல் படித்தவர் மேக் இல்லாமல் முடியாது என்பார். இருவர் சொல்வதும் அவரவர் காலத்துக்குச் சரி.

இன்றைய நிலையை மாற்றியது இரண்டு பேரின் வேலை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே இருவரும் பார்வையற்றவர்கள். கரன் 2006இல் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார்; டே அவரோடு சேர்ந்துகொண்டார். விண்டோஸுக்கான அந்த மென்பொருள் முழுக்க இலவசம், மூலநிரலும் திறந்தது. பின்னால் டே, ரீப்பர் என்ற பதிவு மென்பொருளுக்கு ஒசாரா என்ற இலவச நீட்சியை எழுதினார். ரீப்பரில் ஒரு டிராக்கிலிருந்து (ஒவ்வொரு குரலும் வாத்தியமும் தனித்தனியாகப் பதிவாகும் வரிசை) அடுத்ததற்குப் போனால் அதன் பெயர், அது பதிவுக்குத் தயாரா, ஒலி அணைத்திருக்கிறதா என்பதையெல்லாம் ஒசாரா சொல்லும். எஃப்12 விசையை அழுத்திவிட்டு எந்த விசையைத் தட்டினாலும் அது என்ன வேலை செய்யும் என்று சொல்லித்தரும். பக்கத்தில் ஆசிரியர் இல்லாத ஊரில் இது பெரிய விஷயம். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. ஊமையான ஒரு சின்தசைசரையோ எஃபெக்டையோ டிராக்கில் போட்டுவிட்டு பி விசையைத் தட்டினால், அதன் திருகுகள் எல்லாம் பெயரும் மதிப்புமாக ஒரு பட்டியலில் வந்துவிடும். படம் பேசாவிட்டாலும் பட்டியல் பேசும். இப்படி உள்ளே சேர்க்கும் துணை மென்பொருளான பிளக்இன் எல்லாவற்றுக்கும் இது போதாது, ஒலி நூலகத்தைத் தேர்ந்தெடுக்கும் இடங்களில் முட்டும். ஆனாலும் வேலை நடக்கும்.

ரீப்பர் விண்டோஸிலும் ஓடும், மேக்கிலும் ஓடும், ஒசாராவும் அப்படித்தான். தனிநபர் உரிமம் 60 அமெரிக்க டாலர், அதற்கு முன் 60 நாள் முழு வசதியோடு பயன்படுத்திப் பார்க்கலாம். லாஜிக் புரோ மேக்கில் மட்டும் ஓடும், ஒருமுறை விலை 199.99 டாலர். ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருள் 2024இல் வந்த 12ஆம் பதிப்பில் திரைவாசிப்பான் ஆதரவைச் சேர்த்தது. பிளக்இன் உலகமும் மெல்ல அசைகிறது: பல நிறுவனங்கள் பிளக்இன் எழுதப் பயன்படுத்தும் ஜூஸ் என்ற அடித்தளத்தில் 2021இல் வந்த 6.1ஆம் பதிப்பிலிருந்து திரைவாசிப்பானுக்குத் தகவல் தரும் வசதி இருக்கிறது. அதன் பலனாகச் சர்ஜ் எக்ஸ்டி என்ற இலவச சின்தசைசர் இப்போது நன்றாகப் பேசுகிறது. இசைக்குறிப்பு எழுதுகிறவர்களுக்கு மியூஸ்ஸ்கோர் இருக்கிறது, அதுவும் இலவசம். 2023இல் பிரெய்ல் காட்டும் வசதியும் அதில் சேர்ந்தது.

சரி, இப்போது குரல் நிற்கும் கதைக்கு வருவோம்.

பார்வையுள்ளவருக்குக் கணினியின் ஒலி ஒரு கூடுதல் வசதி. நமக்கு அதே ஒலிதான் கண். அதே ஒலிப்பாதையில்தான் இசையும் வருகிறது. சிக்கல் அங்கேதான். பாடலைப் பதிவுசெய்ய, மைக்கையும் வாத்தியத்தையும் கணினியோடு இணைக்கும் பெட்டியான யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றை லேப்டாப்பில் சொருகுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் பெரும்பாலும் அதையே முதன்மை ஒலிக்கருவியாக எடுத்துக்கொள்ளும். திரைவாசிப்பானின் குரலும் அங்கே தாவிவிடும். அந்தப் பெட்டியின் ஹெட்போன் திருகு சுழியத்தில் இருந்தால் அறை முழுக்க அமைதி. கணினி செத்துவிட்டதா, குரல் வேறு பக்கம் போய்விட்டதா என்று தெரியாது.

இதைவிட மோசமானது, இன்டர்ஃபேஸ் வாங்கக் காசில்லாதவர்கள் லேப்டாப்பின் சொந்த ஒலிச்சிப்பை வைத்தே வேலை செய்ய, அசியோ4ஆல் என்ற இலவச டிரைவரை (ஒலிக்கருவியை இயக்கும் மென்பொருள்) போடுவது. பார்வையுள்ள நண்பர்கள் நல்லெண்ணத்தோடு இதைச் சிபாரிசு செய்வார்கள். தாமதத்தைக் குறைக்க அது ஒலிச்சிப்பை முழுக்கத் தன் பிடியில் எடுத்துக்கொள்ளும்; வேறு எந்த மென்பொருளும் அதில் ஒலி எழுப்ப முடியாது. பார்வையுள்ளவருக்கு யூடியூப் கேட்காமல் போகும், அவ்வளவுதான். நமக்குத் திரைவாசிப்பானே நின்றுபோகும். எந்த மென்பொருளை மூடினால் குரல் திரும்புமோ, அந்த மென்பொருளைக் குரல் இல்லாமல் மூட வேண்டிய நிலை.

ஆகவே என் முதல் விதி: திரைவாசிப்பானுக்கு ஒரு ஒலிக்கருவி, இசைக்கு இன்னொன்று. லேப்டாப்பின் சொந்த ஹெட்போன் துளையில் ஒரு சிறிய இயர்போன், ஒரு காதில் மட்டும்; அதில் குரல். இன்டர்ஃபேஸிலிருந்து வரும் பெரிய ஹெட்போனிலோ ஸ்பீக்கரிலோ இசை. என்விடிஏ அமைப்புகளில் ஆடியோ பகுதியில், குரல் எந்தக் கருவியில் வர வேண்டும் என்று பெயர் சொல்லிக் கட்டிவைக்கலாம். அப்படிக் கட்டிவைத்துவிட்டால் எதைச் சொருகினாலும் குரல் தாவாது. விண்டோஸ் 11இல் விண்டோஸ் விசை, கண்ட்ரோல், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒலி எங்கே போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பகுதி திறக்கும். கண்ட்ரோல், ஆல்ட், என் அழுத்தினால் என்விடிஏ மறுபடி தொடங்கும். இவற்றைக் கைக்குப் பழக்கிவைத்திருக்க வேண்டும், தலை சூடான நேரத்தில் யோசிக்க முடியாது.

இந்த ஒரு விதியிலிருந்தே கணினி வாங்கும்போது பார்க்க வேண்டிய பல விஷயங்கள் பிறக்கின்றன. லேப்டாப்பில் 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் துளை கட்டாயம் வேண்டும். புளூடூத் இருக்கிறதே என்பார்கள், வேண்டாம். புளூடூத் ஹெட்போனில் ஒலி பெரும்பாலும் நூறு மில்லிவினாடிக்கும் மேல் தாமதமாகத்தான் வரும். விசையைத் தட்டி, பதிலுக்காகக் காத்து, மறுபடி தட்டுவது நாள் முழுக்க எரிச்சல். யுஎஸ்பி துளைகள் குறைந்தது மூன்று இருந்தால் நல்லது: இன்டர்ஃபேஸுக்கு ஒன்று, மிடி கீபோர்டுக்கு (கணினியில் உள்ள ஒலிகளை வாசிக்கும் கீபோர்டு) ஒன்று, எண்பலகைக்கோ வெளிச் சேமிப்புக்கோ ஒன்று. மிடி கீபோர்டைத் தனியாக வாங்க வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். கச்சேரிக்கு வைத்திருக்கும் யமஹாவிலோ ரோலண்டிலோ யுஎஸ்பி துளை இருந்தால் அநேகமாக அதுவே போதும்.

விசைப்பலகையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நமக்கு அதுதான் திரை. விளம்பரத்தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. என்விடிஏவின் கட்டளைகள் இன்ஸர்ட் விசையைச் சுற்றி அமைந்தவை, கேப்ஸ்லாக்கையும் வைத்துக்கொள்ளலாம். வலப்பக்கம் எண்பலகை இருந்தால் திரையை வரி வரியாக, எழுத்து எழுத்தாக ஆராயும் கட்டளைகள் ஒரு கையில் வந்துவிடும். இல்லாவிட்டால் லேப்டாப் அமைப்புக்கு மாற்றிக்கொள்ளலாம், அதுவும் பழகிப்போகும். ஆனால் ஹோம், எண்ட், பேஜ் அப், பேஜ் டவுன் விசைகள் தனியாக இல்லாமல் எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்த வேண்டிய மாடல்களைத் தவிர்க்கலாம். ரீப்பரில் இவை நொடிக்கொரு தடவை தேவைப்படும். புதிய லேப்டாப்கள் பலவற்றில் வலப்பக்கம் கோபைலட் என்ற விசை வந்து, அங்கே இருந்த வலது கண்ட்ரோலையோ மெனு விசையையோ எடுத்துவிட்டது. மெனுவுக்கு ஷிஃப்ட், எஃப்10 சேர்த்து அழுத்திச் சமாளிக்கலாம்.

பழைய மேக்புக் புரோ வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2016 முதல் சில ஆண்டுகள் வந்த பல மாடல்களில் மேல்வரிசை எஃப் விசைகளுக்குப் பதில் டச்பார் என்ற வழவழப்பான தொடுதிரைப் பட்டை இருக்கும். விரலுக்கு அங்கே எதுவும் தட்டுப்படாது. வாய்ஸ்ஓவர் அதையும் படிக்கும் என்பது உண்மைதான், ஆனால் பதிவு நடக்கும்போது தடவிக்கொண்டிருக்க நேரமில்லை. விலை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பது என் கருத்து.

வேகம் பற்றிச் சுருக்கமாக. கணினி ஒலியைத் துண்டு துண்டாகத்தான் கையாளும். அந்தத் துண்டின் அளவு பஃபர். நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் எடுக்கும் (44,100 ஹெர்ட்ஸ்) பதிவில் பஃபர் 128 மாதிரிகள் என்றால் ஒரு துண்டு சுமார் 2.9 மில்லிவினாடி, 1,024 என்றால் சுமார் 23 மில்லிவினாடி. கீபோர்டில் விரல் வைத்ததற்கும் ஒலி கேட்பதற்கும் இடையே தாமதம் தெரியக்கூடாதென்றால் சின்னத் துண்டு வேண்டும். சின்னத் துண்டை நேரத்துக்கு முடிக்க வேகமான புரோசசர் வேண்டும். அதற்குள் திரைவாசிப்பானும் வேலை செய்துகொண்டிருக்கும். ஆனால் கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் வந்த நடுத்தர புரோசசர்களே சாதாரணப் பாடலுக்குப் போதும். மிச்சப் பணத்தை ராமுக்கும் எஸ்எஸ்டிக்கும் போடுங்கள். ராம் 16 ஜிபி, எஸ்எஸ்டி 512 ஜிபி என்பது தொடக்கம். வீணை, புல்லாங்குழல், வயலின் குழு என்று ஒலி நூலகங்களைச் சேர்த்தால் ஒவ்வொன்றும் பல ஜிபி பிடிக்கும், அப்போது 1 டிபி கேட்கும். திரையின் தரம், கிராஃபிக்ஸ் கார்டு இரண்டுக்கும் ஒரு சென் கூட அதிகம் தர வேண்டாம்.

விசிறிச் சத்தம் நம் ஊரில் தனிப் பிரச்சினை. துத்தநாகக் கூரை போட்ட வீடு, மதிய வெயில், ஏர்கான் இல்லாத அறை. அங்கே வைத்தால் எந்த லேப்டாப்பும் இரையத்தான் செய்யும். விசிறியே இல்லாத மேக்புக் ஏர் போன்றவை மைக் பதிவுக்கு அருமை. ஆனால் சூடு ஏறினால் அவை தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மழை வந்துவிட்டால் கூரைச் சத்தத்தில் பாட்டுப் பதிவு முடியாது, அது எந்தக் கணினியாலும் தீராது. இடிமின்னலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், மலேசியர்களுக்கு அது பழகிய ஒன்று. மேசைக் கணினி வாங்கினால் யுபிஎஸ் சேர்த்து வாங்குங்கள். லேப்டாப் என்றால் பேட்டரியே காப்பாற்றும். மின்சாரம் நின்றால் பார்வையுள்ளவருக்குச் சேமிக்காத வேலை போகும். நமக்கு அது எந்த இடத்தில் நின்றது, எதைச் சேமித்தோம் என்று தேடவே அரை நாள் போகும்.

மேக்கா விண்டோஸா என்று கேட்டால், என் அளவுகோல் அதே கேள்விதான்: ஊமையானால் என்ன நடக்கும்?

இதில் மேக் பல படி முன்னால் நிற்கிறது. புதிய மேக்கை உறையிலிருந்து எடுத்து மின்சாரம் கொடுத்த நேரத்திலிருந்தே யாருடைய உதவியும் இல்லாமல் வாய்ஸ்ஓவரோடு அமைத்துக்கொள்ளலாம். கணினியே கெட்டு மீட்புப் பகுதிக்குப் போக நேர்ந்தாலும் அங்கேயும் கமாண்ட், எஃப்5 அழுத்தினால் குரல் வரும். ஒலிக்கருவியை ஒரு மென்பொருள் பிடித்துக்கொண்டு மற்றதை ஊமையாக்கும் சிக்கலும் மேக்கில் மிகக் குறைவு, ஏனென்றால் பல மென்பொருள்கள் ஒரே கருவியைப் பங்குபோடும் விதத்தில்தான் அதன் ஒலி அமைப்பு கட்டப்பட்டிருக்கிறது. விண்டோஸில் கணினி அமைக்கும்போதே கண்ட்ரோல், விண்டோஸ், எண்டர் அழுத்தினால், விண்டோஸோடு வரும் திரைவாசிப்பானான நரேட்டர் பேசும். ஆனால் அதற்கும் கீழே, விண்டோஸ் தொடங்குமுன் வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரை பேசாது. அங்கே ஏதாவது கேட்டு நின்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட வேண்டும், அல்லது கைப்பேசியில், கேமரா காட்டுவதைப் பார்த்துச் சொல்லும் பீ மை ஐஸ் மாதிரிச் செயலியைத் திறந்து கேமராவைத் திரைக்கு நேரே பிடிக்க வேண்டும்.

ஆனால் விண்டோஸ் பக்கம் இன்னொரு பலம் இருக்கிறது, நம் மாதிரி ஊர்களுக்கு அது சிறியதல்ல. என்விடிஏவின் 2025.1 பதிப்பிலிருந்து தொலை அணுகல் வசதி உள்ளேயே வருகிறது. கோலாலம்பூரில் இருக்கும் பார்வையற்ற நண்பர் ஒருவர், சுங்கை சிப்புட்டில் உள்ள கணினியைத் தன் விசைப்பலகையால் இயக்கலாம்; என்ன பேசுகிறது என்பதைத் தன் காதிலேயே கேட்கலாம். கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பார்வையுள்ளவர் வந்து மவுசால் சரிசெய்துவிட்டுப் போனால் பிரச்சினை தீரும், நமக்குப் பாடம் கிடைக்காது. பழுதுபார்ப்பதும் அப்படியே: விண்டோஸ் லேப்டாப் பலவற்றுக்கு ராமோ எஸ்எஸ்டியோ மாற்ற ஊர்க் கடையே போதும். மேக்கில் இப்போதெல்லாம் ராம் பிறகு சேர்க்கவே முடியாது, வாங்கும்போதே முடிவுசெய்ய வேண்டும். பழுது என்றால் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஈப்போவுக்கோ, அதையும் தாண்டியோ போக வேண்டிவரும். ஆப்பிளின் சொந்தக் கடை மலேசியாவில் 2024இல்தான் திறந்தது, அதுவும் கோலாலம்பூரில்.

இவ்வளவையும் வைத்து என் முடிவு இது. முதல் கணினி, கையில் பணம் குறைவு என்றால், அலுவலகங்கள் பயன்படுத்தி விற்ற பழைய லெனோவோ திங்க்பேட், டெல் லேட்டிட்யூட் வகை லேப்டாப் ஒன்று. அதில் விண்டோஸ் 11, என்விடிஏ, ரீப்பர், ஒசாரா. அந்த வகை லேப்டாப்களின் விசைப்பலகை விரலுக்குத் தெளிவாக இருக்கும், திறந்து பாகம் மாற்றவும் எளிது. பணம் இருக்கிறது, பாடல் உருவாக்கத்தையே தொழிலாக எடுக்கப் போகிறார், பக்கத்தில் உதவிக்கு யாருமில்லை என்றால் ஆப்பிள் சிப் உள்ள மேக். மேசையிலேயே இருக்கும் என்றால், திரை இல்லாமல் வரும் மேக் மினி நல்லது. மானிட்டர் வாங்கும் செலவே இல்லை. உதவிக்கு வருகிறவருக்காக வீட்டு டிவியில் ஒரு வயரைச் சொருகிக்கொள்ளலாம்.

பழையது வாங்கும்போது தேதிகளைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. இன்டெல்லில் பெரும்பாலும் 8ஆம் தலைமுறைக்கு முந்தைய சிப் என்றால் விண்டோஸ் 11க்கு அதிகாரபூர்வமாகப் போக முடியாது. கடைகளில் அந்தப் பழைய லேப்டாப்கள் மலிவாகக் குவிந்திருப்பதற்கு இதுவே காரணம். இன்டெல் சிப் மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் 26தான் கடைசி என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. புதிய விண்டோஸ் லேப்டாப்பில் ஸ்னாப்டிராகன் சிப் இருந்தால், இசைக்கு இப்போதைக்கு வேண்டாம்: அந்தச் சிப்புக்கென்று டிரைவர் எழுதாத ஆடியோ இன்டர்ஃபேஸ்கள் அதில் சரியாக ஓடாது. மலிவான புதிய லேப்டாப் சிலவற்றில் விண்டோஸ் எஸ் மோடில் வரும்; அதில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்கு வெளியே உள்ள எதையும் நிறுவ முடியாது, என்விடிஏ உட்பட. இலவசமாக அதிலிருந்து வெளியே வரலாம், ஆனால் அது என்னவென்று தெரியாமல் ஒரு வாரம் தவிக்க வேண்டாம்.

இன்டர்ஃபேஸைப் பொறுத்தவரை ஒரே ஆலோசனை: ஒலி அளவு, மைக் அளவு, நேரடிக் கேட்பு (மைக் ஒலியைக் கணினி வழியாகச் சுற்றாமல் உடனே கேட்பது) ஆகிய மூன்றுக்கும் கையால் திருகக்கூடிய உண்மையான திருகோ சுவிட்சோ இருக்கட்டும். எல்லாவற்றையும் கணினித் திரையில் ஒரு தனி மென்பொருளால் மாற்றச் சொல்லும் பெட்டிகள் நமக்கு ஆபத்து. உறுமி மேளத்தையோ கோயில் நாதஸ்வரத்தையோ வெளியில் போய்ப் பதிவுசெய்கிறவர்களுக்கு ஜூம் நிறுவனத்தின் எசென்ஷியல் வரிசைக் கருவிகள் உதவும். அவை மெனுவைப் பேசிக்காட்டும். 32 பிட் ஃப்ளோட் முறையில் பதிவதால், உறுமி எதிர்பாராமல் உரக்க விழுந்தாலும் பதிவில் ஒலி உடையாது.

தமிழ்க் குரல் இருக்கிறதா என்று பெற்றோர் கேட்பார்கள். இருக்கிறது. என்விடிஏவோடு வரும் இஸ்பீக் என்ற குரல் மென்பொருளில் தமிழ் உண்டு, விண்டோஸில் வள்ளுவர் என்ற குரல் உண்டு, ஆப்பிளில் வாணி என்ற குரல் உண்டு. பாடல்வரிகளைக் கேட்க அவை போதும். இசை மென்பொருள்களின் மெனு எல்லாம் ஆங்கிலம்தான், ஆகவே வேலைக்கு ஆங்கிலக் குரலையும் பழக வேண்டும். டிராக் பெயர்களையும் ஆங்கில எழுத்திலேயே வையுங்கள், ஆங்கிலக் குரல் தடுமாறாமல் படிக்கும்.

கடைக்குப் போகுமுன் ஒரு பென்டிரைவ் தயார் செய்யுங்கள். என்விடிஏவை நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டலாம். ரீப்பரும் அப்படியே, ஒசாராவோடு. கடைக்காரரிடம் நல்லபடியாகக் கேட்டு, காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் அதைச் சொருகி, வாங்கப்போகிறவரே உட்கார்ந்து தட்டிப் பார்க்கட்டும். குரல் உடனே வருகிறதா, விசைகள் விரலுக்குப் பிரித்துத் தெரிகின்றனவா, ரீப்பரில் பத்து டிராக் ஓடும்போது குரல் திக்குகிறதா, விசிறி எப்போது கத்த ஆரம்பிக்கிறது? கால் மணி நேரத்தில் எல்லாம் தெரிந்துவிடும். ஈப்போவில் யிக் ஃபூங் காம்ப்ளெக்ஸ் மாதிரிப் பல கணினிக் கடைகள் சேர்ந்து இருக்கும் இடத்தில், ஒரு கடை மறுத்தாலும் அடுத்த கடை விடும். மேக் கடையில் பென்டிரைவே வேண்டாம், கமாண்ட், எஃப்5 போதும்.

வாய்ப்பிருந்தால் அதற்கும் முன்னால் ஒரு தடவை கோலாலம்பூர் போய்வருவது நல்லது. சுங்கை சிப்புட் நிலையத்தில் இடிஎஸ் ரயில் ஏறினால் கேஎல் சென்ட்ரலில் இறங்கலாம். அங்கிருந்து பக்கத்தில்தான் பிரிக்பீல்ட்ஸ். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இருக்கிறது. திரைவாசிப்பானை நாள்தோறும் பயன்படுத்துகிறவர்களை அந்த வட்டாரத்தில் சந்திப்பது எளிது. அவர்கள் இசை மென்பொருள் தெரிந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. என்விடிஏவும் வாய்ஸ்ஓவரும் கையில் எப்படி ஓடுகின்றன என்று கேட்டுப் பார்த்தாலே, எதைக் கற்க நம் பிள்ளைக்கு மனம் ஒட்டும் என்று தெரிந்துவிடும்.

பணத்துக்கு: மாற்றுத்திறனாளிக்கான ஓகேயூ அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் சமூக நலத் துறையில் முதலில் அதை எடுங்கள். துணைக் கருவிகளுக்கான உதவித் திட்டம் அந்தத் துறையிடம் உண்டு. கணினி அதில் வருமா என்பதை மாவட்ட அலுவலகத்தில் நேரில் கேட்டு, எதற்காக வேண்டும் என்று எழுதிக்கொடுங்கள். வெறும் "கம்ப்யூட்டர்" என்று எழுதாமல், திரைவாசிப்பானோடு தொழிலுக்குப் பயன்படுத்த என்று எழுதுங்கள். வருமானவரி கட்டுகிற பெற்றோர் பிள்ளைக்கு வாங்கினால், வாழ்க்கைமுறைக் கழிவான 2,500 ரிங்கிட்டுக்குள் கணினி விலையையும் காட்டலாம். ரசீதில் கட்டுகிறவர் பெயரைப் போடச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.